ஜக்கெற் குவியலுக்குள் அடித்த போன்

எல்லாம் இரண்டு பை பாலில்தான் தொடங்கியது.

ஸ்காபரோவில் எங்கள் ஊர்ச் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நாடகம் போடும். தொண்ணூறுகளின் கடைசி அது. செல்போன் அப்போதுதான் எங்கள் ஆட்களின் இடுப்புப் பட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த வருட நாடகத்தில், தாய் தன் மகனைப் போருக்கு அனுப்பிவிட்டு மேடையில் நின்று விம்மிக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள்கூட மூச்சுக் காட்டவில்லை. நாலாவது வரிசையில் ஒரு போன் அடித்தது. அதற்கு உரியவர் எடுத்து, ஒளிவுமறைவு இல்லாமல் முழுக் குரலில் கதைத்தார்.

“ஓம், நாடகத்திலதான் நிக்கிறன். இல்லை, பெடியன் இன்னும் சாகேல்லை. ரெண்டு பை பால்தானே? முடிய வாங்கிக்கொண்டு வாறன்.”

மண்டபம் முழுவதும் சிரித்தது. மேடையில் அழுதுகொண்டிருந்த தாயும் சிரித்துவிட்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் கொதித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பவர். அதனாலோ என்னவோ, அச்சில் வந்த எதையும் நான் பயபக்தியோடு வாசிப்பேன். வாசித்ததை உடனே ஒருவருக்காவது சொல்லாவிட்டால் நித்திரை வராது. அடுத்த வருட நாடகத்துக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, கொலிஜ் நூலகத்தில் ஒரு ஆங்கிலச் சஞ்சிகையில் அந்தச் செய்தியைக் கண்டேன். செல்போன் சிக்னலை மறிக்க ஒரு கருவி இருக்கிறதாம். மண்டபத்தின் ஒரு மூலையில் வைத்தால் போதும், உள்ளே ஒரு போனும் அடிக்காதாம். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். ஒரு பிரச்சினையும் இல்லை, எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

கொமிற்றிக் கூட்டம் மில்லிக்கனில், பொருளாளர் அங்கிளின் வீட்டு பேஸ்மென்றில் நடந்தது. அவர் வீடு விற்கும் ஏஜன்ற். எங்கள் சனம் மலிவாக வீடு தேடி அஜக்ஸ் பக்கம் போகத் தொடங்கியிருந்த காலம் என்பதால் அவருடைய போன் ஓயாது. கூட்டத்தில் நாடகம் பழக்குகிற மாஸ்ரரும் இருந்தார். ராசாவாக நடிக்கப்போகிற அண்ணையும் இருந்தார். அண்ணையும் நானும் ஒரே பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தவர்கள். கூடப்பிறக்காவிட்டாலும் கறிச்சட்டி ஒன்று.

நான் எழும்பி நின்று, எழுதிப் பாடமாக்கிக் கொண்டு வந்ததைச் சொன்னேன். “பொது இடத்தில் ஒலிக்கும் தொலைபேசி, முந்நூறு பேருடைய மண்டபத்தை ஒருவருடைய வீட்டு அறையாக்கிவிடுகிறது...”

“தம்பி, உது பேச்சுப்போட்டி இல்லை,” என்றார் பொருளாளர் அங்கிள். “விசயத்துக்கு வாரும்.”

நான் கருவியைப் பற்றிச் சொன்னேன்.

“அதைப் பூட்டினால் அவசரத்துக்கும் போன் வராதோ?”

“வராது,” என்றேன், நானே கண்டுபிடித்தவன்போல.

“ஆருக்கும்?”

“ஆருக்கும்.”

“நீர் அஜக்ஸில ஒரு வீடு வித்துப் பாரும், அப்ப தெரியும். வாங்கிறவன் ராத்திரி ஏழு மணிக்கு ஓமெண்டுவான், எட்டு மணிக்கு இல்லையெண்டுவான். இடையில எடுக்காட்டி என்ர கதை முடிஞ்சுது.”

“உம்மட வீட்டு வியாபாரத்துக்காக நான் மாசக்கணக்காப் பழக்கிற நாடகத்தைக் குழப்பேலாது,” என்று மாஸ்ரர் மேசையில் தட்டினார். “இந்தமுறையும் ஒரு போன் அடிக்கட்டும், நான் திரையை இழுத்துப்போட்டு வீட்டை போயிடுவன். பேந்து நீங்கள் எல்லாரும் மேடையில ஏறி வீடு வில்லுங்கோ.”

சண்டை சூடாகிக்கொண்டிருந்தபோது அண்ணை என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார். “தம்பி, உந்த மெசின் ஒரு சின்ன ரிங்கையும் உள்ள விடாதோ? ஒண்டே ஒண்டு?”

எனக்கு உடனே விளங்கியது. அண்ணை செல்போன் வாங்கியதே அந்த ஒரு ரிங்குக்காகத்தான்.

அவருடைய மனுசியும் பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடும் வேலை எல்லாம் முடிந்து, விசா கொழும்பில் காத்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருவதுதான் பாடு. தரைப்பாதை இல்லை. இராணுவத்திடம் பாஸ் எடுத்து, கப்பலுக்கு இடம் கிடைக்கும்வரை காத்திருந்து, கடலால் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு வரவேண்டும். கொழும்பில் ஒரு லொட்ஜில் அறை சொல்லியிருந்தார். வந்து சேர்ந்ததும் ஒரு போன். அதை எடுக்கக்கூடாது. ஒருமுறை அடித்து நின்றால் சுகமாக வந்துவிட்டோம் என்று அர்த்தம். பிறகு நாங்கள் இங்கிருந்து ரெலிபோன் காட் போட்டு எடுப்போம். எடுக்காத போனுக்கு அங்கேயும் காசில்லை, இங்கேயும் காசில்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வீட்டில் இந்த ஒழுங்கு இருந்தது.

அண்ணை பகலில் ஒரு பேக்கரியிலும் பின்னேரத்தில் இன்னொரு வேலையிலும் நிற்பவர். வீட்டுப் போனை நம்பி இருக்கமுடியாது. ஆகவே செல்போன். அந்த இலக்கத்தை லொட்ஜ் விலாசத்தோடு மனுசிக்கு அனுப்பினார், எனக்குச் சொன்னார், வேறு ஒருவருக்கும் கொடுக்கவில்லை. “என்ர போன் அடிச்சால் அது அவையளாத்தான் இருக்கவேணும்,” என்பார். இடையில் எவனாவது சும்மா சுகம் கேட்க அடித்துத் தன் நெஞ்சை நிற்பாட்டிவிடக்கூடாது என்று பயம்.

கருவிக் கதை அன்றே முடிந்தது. இந்த நாட்டில் உப்பிடி மறிக்கிறது சட்டப்படி குற்றமாம் என்று பொருளாளர் அங்கிள் எங்கேயோ போன் எடுத்து விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கருவி இல்லாவிட்டால் விதி. கோயிலுக்குப் போகும்போது செருப்பை வெளியே விடுகிறோமா இல்லையா? அதுபோல நாடகத்துக்கு வரும்போது போனையும் வெளியே விடவேண்டும். மாஸ்ரர் கைதட்டினார். செருப்பு என்று சொன்னதும் எல்லாருக்கும் விசயம் விளங்கிவிட்டது. தீர்மானம் நிறைவேறியது.

நாடகம் குளிர்காலத்தில் வந்தது. மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வகுப்பறையை ஜக்கெற் வைக்க ஒதுக்கி, அதன் வாசலில் என் கையெழுத்தில் ஒரு மட்டை தொங்கவிட்டோம்: ‘செருப்பைப் போலவே போனையும் வெளியே விட்டுச் செல்லுங்கள். போனை உங்கள் ஜக்கெற்றுக்குள் வைத்து இங்கே ஒப்படையுங்கள்.’ உள்ளே காவலுக்கு ரிக்கற் அன்ரி; ரிக்கற் விற்று முடித்ததும் ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணியோடு அங்கே வந்து இருந்துவிட்டா. நான் வாசலில் நின்றேன். சனம் வந்தது, மட்டையை வாசித்தது, சிரித்தது, போனை ஜக்கெற் பைக்குள் வைத்து, ஜக்கெற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. ஒருவர்கூடச் சண்டை பிடிக்கவில்லை. என் எழுத்தை வாசித்து முந்நூறு பேர் நடக்கிறார்கள்! நான் தரையில் நிற்கவில்லை.

அண்ணை எல்லாருக்கும் முன்னமே வந்துவிட்டார், வேஷம் போடவேண்டுமே. மனுசியும் பிள்ளையும் கப்பல் ஏறிவிட்டார்கள் என்று யாரோ மூலம் சேதி வந்திருந்தது; அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடலில் காற்று என்று வானொலியில் கேட்டிருந்தார்.

“போனை என்னட்டைத் தாங்கோ அண்ணை. நான் வைச்சிருக்கிறன்.”

“விசர்க்கதை கதையாத. வாசலில நிண்டு மற்றவையைக் கழட்டி வையுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, உன்ர பொக்கற்றுக்குள்ள என்ர போன் அடிச்சால் சனம் என்ன சொல்லும்?” தானே போய் போனை ஜக்கெற் பைக்குள் வைத்து, ஜக்கெற்றை ஒரு மேசையில் மடித்து வைத்தார். “காட்சி மாறேக்க ஒருக்கா வந்து எட்டிப் பார். அது காணும்.”

நாடகம் தொடங்கியது. மண்டபத்தில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கண்டதில்லை. ராசாவின் ஒரே மகன் போருக்குப் போகிறான். அண்ணை அட்டைக் கிரீடமும் பஞ்சுத் தாடியுமாக நின்று விடைகொடுத்தபோது, எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். போன் ஒன்றும் அடிக்கவில்லை. என் விதி வென்றுவிட்டது! முதல் காட்சி முடிந்ததும் பறந்துபோய் வகுப்பறைக் கதவைத் திறந்தேன்.

உள்ளே ஒரே சத்தம். மேசைகளின்மேல் மார்பளவுக்குக் குவிந்து கிடந்த ஜக்கெற்றுகள் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் ஒன்று நிற்க, மறு மூலையில் இன்னொன்று தொடங்கியது. எல்லாம் ஒரே இசை. எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே பிளாசாவில் ஒரே பெடியனிடம் ஒரே மலிவு விற்பனையில் வாங்கிய ஒரே போன்.

“வா ராசா, வா,” என்றா ரிக்கற் அன்ரி. “நல்ல வேலை தந்தாய். கோழிக் கூட்டுக்குள்ள இருக்கிறன்.”

“அன்ரி, இவை போனை நிப்பாட்டேல்லையோ?”

“நீ நிப்பாட்டச் சொன்னனியோ? விட்டிட்டுப் போகச் சொன்னாய், விட்டிட்டுப் போகினம். செருப்பை விடேக்க அதை நிப்பாட்டிப்போட்டோ விடுறது?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போது குவியலின் நடுவிலிருந்து ஒரு போன் அடித்தது. ஒரே ஒருமுறை. நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அண்ணையின் கதை அன்ரிக்கும் தெரியும். சங்கத்தில் யாருக்குத்தான் தெரியாது?

“ஒருக்கா அடிச்சு நிண்டதடா!”

“எங்க அன்ரி? எந்தப் பக்கம்?”

“உதுக்குள்ளதான். உந்த நடு மேசை!”

நான் குவியலில் பாய்ந்தேன். கடுநீல ஜக்கெற், கடுநீல ஜக்கெற், கறுப்பு ஜக்கெற், மறுபடி கடுநீலம். ஜக்கெற்றுகளும் மலிவு விற்பனைதான். அண்ணை முதலாவதாக வந்தவர். அவருடையது எல்லாவற்றுக்கும் அடியில். அந்த நேரம் பார்த்து அதே மேசையில் இன்னும் இரண்டு போன்கள் அடித்தன. ஒரு பையில் கைவிட்டேன், கையுறை. இன்னொன்றில் திருநீற்றுப் பொட்டலம். இன்னொன்றில் கடதாசியில் சுற்றிய வடை, இன்னும் சூடாக.

கதவு படாரென்று திறந்தது. பொருளாளர் அங்கிள், நாடகத்தின் நடுவில் நழுவி வந்திருக்கிறார்.

“என்ர போன் அடிச்சதோ? அஜக்ஸ் வீட்டுக்காரன் இப்ப முடிவு சொல்லவேணும்... ஏய், ஏன் ஐசே ஆக்களின்ர பொக்கற்றுக்குள்ள கை வைக்கிறீர்?”

“அங்கிள், ஒருக்கா அடிச்சு நிண்டது! அண்ணையின்ரயோ தெரியாது!”

அவர் ஒரு கணம்தான் நின்றார். அடுத்த கணம் கோட்டின் கையை மடித்துக்கொண்டு குவியலின் மற்றப் பக்கத்தால் இறங்கிவிட்டார். “பாத்து இழு, சிப் கிழியும்! இது என்ர மனுசியின்ர. அதை அங்கால எறி. அண்ணையின்ர எப்பிடி இருக்கும்?”

“நீலம் அங்கிள்!”

“எல்லாம் நீலமடாப்பா!”

“மா! மா மணக்கும், பேக்கரி மா!”

மூன்று பேரும் ஜக்கெற்றுகளை மணந்தோம். யாராவது அப்போது உள்ளே வந்திருந்தால் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. அன்ரிதான் கத்தினா. “இஞ்ச! இஞ்ச! இது பாண் மணக்குது!” அடியிலிருந்து இழுத்து எடுத்தா. பைக்குள் கைவிட்டு நான் போனை எடுத்தேன். இலக்கங்களுக்கு இடையில் வெள்ளையாக மா அப்பியிருந்தது, அண்ணையின் போன்தான். பச்சைத் திரையில் இரண்டு ஆங்கிலச் சொற்கள், முன்னால் ஒன்று என்ற இலக்கம். எடுக்காத அழைப்பு ஒன்று.

நான் அதைச் சத்தமாக வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். அன்ரி பிளாஸ்கை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டா. அந்தச் சஞ்சிகைக் கருவி மட்டும் மூலையில் இருந்திருந்தால் இந்த ‘ஒன்று’ அந்தத் திரையில் வந்தே இருக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்?” என்றார் அங்கிள். “ஓடும்!”

மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் ஓடினேன். நாங்கள் ஜக்கெற்றுகளைக் கிளறிய நேரத்தில் நாடகம் கடைசிக் காட்சிக்கு வந்துவிட்டது. அண்ணை சிம்மாசனத்துக்கு முன்னால் நிற்கிறார். தூதன் வந்து, இளவரசன் போரில் இறந்த சேதியைச் சொல்லிவிட்டான். ராசா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து சாகவேண்டும். நான் திரை ஓரத்தில் தலையை நீட்டி, ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அண்ணை கண்டுவிட்டார். நெஞ்சுக்குப் போன கை பாதியில் நின்றது.

“விழும்,” என்றார் மாஸ்ரர் திரைக்குப் பின்னால் கிசுகிசுத்து. “விழும் ஐசே!”

அண்ணை விழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, நாடகத்தில் இல்லாத ஒரு வசனத்தைத் தூதனிடம் சொன்னார். “தூதா... நீ சொன்னது மெய்தானா? இன்னொருமுறை சொல்!”

பாவம் தூதன், முழித்துப்போய், “இளவரசர் இறந்துவிட்டார் மன்னா,” என்று திரும்பவும் சொன்னான். நான் விரலை இன்னும் உயரத் தூக்கி, ஓமென்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

அண்ணை விழுந்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு விழுந்தார். தோள் இரண்டும் குலுங்கின. சபையில் ஒரு அம்மா ஓவென்று அழுதா. அண்ணை சிரிக்கிறார் என்பது பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அழுதாரா என்பது எனக்கும் தெரியாது. திரை மூடியதும் எழும்பிய கைதட்டல் நிற்கவே இல்லை.

“சாகேக்க ஏன் பல்லைக் காட்டினனீர்?” என்று மாஸ்ரர் பாய்ந்தார்.

“வந்திட்டினம் மாஸ்ரர். வந்திட்டினம்,” என்றார் அண்ணை. மாஸ்ரர் அவருடைய கிரீடத்தைப் பிடித்து நேராக்கிவிட்டார்.

நானும் அண்ணையும் மண்டப வாசலுக்கு வந்தோம். அங்கேதான் போனுக்குச் சிக்னல் நன்றாக எடுக்கும். அங்கேதான் சாப்பாடும் கொடுத்தார்கள். ரோல்சுக்கும் தேத்தண்ணிக்கும் வரிசை, பிள்ளைகளின் ஓட்டம், நாடகத்தைப் பற்றிய கதை. அண்ணை இன்னும் கிரீடத்தோடு நிற்கிறார். காட் இலக்கங்களை நான்தான் அழுத்தினேன். இரண்டுமுறை பிழைத்தது. மூன்றாவதுமுறை லொட்ஜில் யாரோ எடுத்து, கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“ஹலோ? ஹலோ? ஒண்டும் கேக்கேல்லை தம்பி, உந்தச் சத்தத்துக்க!” பஞ்சுத் தாடி போனுக்கும் வாய்க்கும் நடுவில் தடுத்தது. அவர் அதைப் பிய்த்து எறிந்தார்.

ரிக்கற் அன்ரி வரிசையைப் பார்த்துக் கையைத் தூக்கினா. “உஸ்ஸ்! அண்ணையின்ர மனுசி லைனில நிக்கிறா!”

ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அந்தச் சேதி போனது. ரோல்ஸ் வாயோடு நின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். தாய்மார் பிள்ளைகளைப் பிடித்து இழுத்தார்கள். அதே நேரம் பொருளாளர் அங்கிளின் போன் அடித்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். அஜக்ஸ் ஆள்தான் என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. ஒரு கணம் யோசித்தார். பிறகு பொத்தானை அழுத்திப் போனை முழுதாக நிறுத்திப் பைக்குள் போட்டார்.

இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால், மேடைக்கு முன்னால் போன் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மெசின் வைத்து மறிக்கச் சொல்லமாட்டேன். சொன்னால் கேட்கிற சனம் இருக்கிறது. அன்று அந்த வாசலில் ஒரு ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும்.

“ஓம்... ஓம்... கப்பலில சுகமா வந்தனீங்களோ? சாப்பிட்டாச்சோ?” பிறகு போன் கைமாறும் சத்தம். நான் காதைக் கிட்ட வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது, ஒரு சின்னக் குரல்.

“ஆர் கதைக்கிறது?”

“அப்பா.”

அவர் கனடாவுக்கு வரும்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தவள்.

“கனடா அப்பாவோ?”

“ஓம் குஞ்சு. கனடா அப்பாதான்.”

அவ்வளவுதான், அந்தப் பக்கத்தில் மடை திறந்ததுபோல ஒரே கதை. அண்ணையின் முகத்தில் பூசியிருந்த ராசாவின் பவுடர் கோடுகோடாக வழிந்தது. போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு, எங்களைப் பார்த்து, மண்டபம் முழுவதற்கும் கேட்கக் கத்தினார்.

“பிள்ளை கப்பலில சத்தி எடுத்தவவாம்! மூண்டுதரம்!”

பிள்ளை வாந்தி எடுத்தது உலகத்தில் இல்லாத நல்ல செய்தி என்பதுபோலச் சனம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். பொருளாளர் அங்கிள் இரண்டு கைகளையும் தூக்கிச் சிரித்தார்.

“பொறுங்கோ, பொறுங்கோ,” என்று அண்ணை கிரீடத்தைச் சரித்துப் போனைத் திரும்பவும் காதில் வைத்தார். “இன்னும் சொல்லுறா.”

நாங்கள் எல்லாரும் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டோம்.